நோட்டீஸ் ஒட்டினால் போதுமா? - ஓட்டல் பணிப்பெண் எல்சி பாரிஷின் வழக்கு

அமெரிக்கத் தொழிலாளர் சட்ட வரலாற்றைப் புரட்டினால் ஜனாதிபதிகளின் பெயர்கள் வரும், தொழிற்சங்கத் தலைவர்களின் பெயர்கள் வரும். ஆனால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அந்த நாட்டில் நிலைத்து நிற்கக் காரணமான வழக்கைத் தொடுத்தவர் ஓர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பெண். பெயர் எல்சி பாரிஷ். அவர் கேட்ட தொகை வெறும் 216 டாலர் 19 சென்ட்!

அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. தொழிலாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சட்டம் முதலாளிக்குச் சொல்லிவிட்டது. முதலாளிக்கும் அது தெரியும். அதன் பிறகும் அவர் செய்யாவிட்டால்...?

தபாலில் வந்த சட்டம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலம் 1913-இல் பெண்களுக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைக் கொண்டு வந்தது. (தலைநகர் வாஷிங்டன் வேறு, இந்த மாநிலம் வேறு.) எந்தத் தொழிலில் எவ்வளவு சம்பளம் என்பதை ஓர் ஆணையம் முடிவு செய்யும். அதற்கு முன் முதலாளிகளின் பிரதிநிதிகள், தொழிலாளர்களின் பிரதிநிதிகள், இரு தரப்பையும் சேராத பொதுமக்கள் ஆகியோரைக் கூட்டிப் பேச வேண்டும்.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய பகுதி அடுத்து வருகிறது. ஊதியத்தை நிர்ணயித்தவுடன் அந்த உத்தரவின் நகலை, முடிந்தவரை, அந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொரு முதலாளிக்கும் ஆணையம் தபாலில் அனுப்ப வேண்டும். முதலாளி அதைப் பெண்கள் வேலை செய்யும் ஒவ்வோர் அறையிலும் ஒட்ட வேண்டும். அதாவது, "எனக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது" என்று முதலாளியும் சொல்லக் கூடாது, தொழிலாளியும் சொல்லக் கூடாது.

குறைத்துக் கொடுத்தால் 25 முதல் 100 டாலர் வரை அபராதம். இன்னொரு விதி அதைவிட முக்கியமானது. குறைவான சம்பளம் வாங்கிய பெண் மீதித் தொகையை வழக்குப் போட்டு வசூலிக்கலாம், வழக்கறிஞர் கட்டணமும் சேர்த்து. "குறைந்த சம்பளத்துக்கு நீதானே ஒப்புக்கொண்டாய்" என்று முதலாளி தப்பிக்க முடியாது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தாலும் செல்லாது.

முதலாளிகளுக்குக் கிடைத்த கேடயம்

எல்லாம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் 1923-இல் ஒரு பெரிய அடி விழுந்தது.

தலைநகர் வாஷிங்டனில் இதே போன்ற ஒரு சட்டம் 1918 முதல் இருந்தது. அங்கே காங்கிரஸ் ஹால் என்ற ஓட்டலில் வில்லி லயன்ஸ் என்ற 21 வயதுப் பெண் லிஃப்ட் இயக்கும் வேலை செய்து வந்தார். மாதம் 35 டாலரும் தினமும் இரண்டு வேளை சாப்பாடும் சம்பளம். சட்டப்படி இதற்கு மேல் கொடுக்க வேண்டும் என்றதும் அவருக்கு வேலை போய்விட்டது. பழைய சம்பளமே எனக்குப் போதும், சட்டம் குறுக்கே வராமல் இருந்தால் சரி என்று அவர் நீதிமன்றம் போனார். ஒரு குழந்தைகள் மருத்துவமனையும் அதே சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தது.

இதுதான் அட்கின்ஸ் வழக்கு. நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி முடிக்கும் ஒப்பந்தச் சுதந்திரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது அதன் சாரம்.

வாஷிங்டன் மாநிலச் சட்டத்தை இந்தத் தீர்ப்பு நேரடியாகத் தொடவில்லை. அது சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் உத்தரவை மீற நினைத்த முதலாளிகளுக்கு ஒரு கேடயம் கிடைத்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு

இனி எல்சியின் கதைக்கு வருவோம். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் போன வெனாச்சி என்ற ஊரில் காஸ்கேடியன் ஓட்டல் இருந்தது. அதை நடத்தியது வெஸ்ட் கோஸ்ட் ஓட்டல் கம்பெனி. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933-இல் எல்சி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். முதலில் மணிக்கு 22 சென்ட், பிறகு 25 சென்ட்.

சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியது 48 மணி நேர வாரத்துக்கு 14 டாலர் 50 சென்ட். கணக்குப் போட்டுப் பார்த்தால்:

மணிக்கு 22 சென்ட் என்றால் 48 மணி நேரத்துக்கு 10 டாலர் 56 சென்ட். பாக்கி 3 டாலர் 94 சென்ட்.

மணிக்கு 25 சென்ட் என்றால் 48 மணி நேரத்துக்கு 12 டாலர். பாக்கி 2 டாலர் 50 சென்ட்.

வாரத்துக்கு இரண்டு, மூன்று டாலர் என்பது பெரிய ஓட்டலுக்குச் சில்லறைக் காசு. ஆனால் 1935 மே மாதம் வேலையை விட்டு நின்றபோது எல்சிக்கு வர வேண்டிய பாக்கி 216 டாலர் 19 சென்ட் ஆகியிருந்தது. சட்டப்படியான சம்பளத்தில் அது ஏறக்குறைய 15 வாரக் கூலி!

ஓட்டல் 17 டாலர் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தது. எல்சி வாங்க மறுத்து வழக்குப் போட்டார்.

அங்கே ஓட்டல் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? சட்டம் தெரியாது என்று சொல்லவில்லை. சம்பளத்தைச் சரியாகத்தான் கொடுத்தோம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஆதாரம், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அட்கின்ஸ் தீர்ப்பு.

ஐந்துக்கு நான்கு

கீழ் நீதிமன்றம் அட்கின்ஸ் தீர்ப்பைக் காட்டி எல்சியின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1936-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி எல்சிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஓட்டல் கம்பெனி விடவில்லை, நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நேரம் எல்சிக்குச் சாதகமாக இல்லை. 1936 ஜூன் 1 அன்றுதான் நியூயார்க் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை அதே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்திருந்தது.

ஆனால் 1937 மார்ச் 29 அன்று எல்சியின் வழக்கில் தீர்ப்பு வந்தபோது அதே ஐந்துக்கு நான்கு மறுபக்கம் திரும்பியிருந்தது! ஓவன் ராபர்ட்ஸ் என்ற நீதிபதியின் ஓட்டு இந்த முறை எல்சியின் பக்கம். தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் தீர்ப்பை எழுதினார். அட்கின்ஸ் தீர்ப்பு கைவிடப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகளை நியமிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட திட்டத்துக்குப் பயந்துதான் ராபர்ட்ஸ் மாறினார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அந்தத் திட்டம் வெளியானது 1937 பிப்ரவரி 5 அன்று. நீதிபதிகள் தங்களுக்குள் கூடி ஓட்டுப் போட்டதோ 1936 டிசம்பரிலேயே. எனவே அந்தக் கதையை அப்படியே நம்புவதற்கில்லை.

ஹியூஸ் சொன்ன காரணம் வணிகவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. பிழைப்புக்குப் போதாத கூலியை முதலாளி கொடுத்தால், மீதிச் செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. நிவாரணம் என்ற பெயரில் அது பொதுமக்கள் தலையில் விழுகிறது. மனசாட்சி இல்லாத முதலாளிக்கு ஊரே மானியம் கொடுத்த மாதிரி ஆகிறது. அப்படிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் சமூகத்துக்கு இல்லை என்றார் அவர்.

வென்ற பிறகும் காத்திருப்பு

இந்தத் தீர்ப்பு திறந்த கதவு வழியாக 1938-இல் நாடு முழுமைக்குமான நியாயத் தொழில் தரச் சட்டம் வந்தது. ஆண், பெண் இருவருக்கும் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. ஆனால் வேடிக்கை பாருங்கள், ஓட்டல் தொழிலாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை! ஓர் ஓட்டல் பணிப்பெண் வென்ற வழக்கின் பலன் மற்ற தொழிலாளர்களுக்கு முதலில் போனது. 1966-இல் செய்த திருத்தம் 1967 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகுதான் ஓட்டல், உணவகத் தொழிலாளர்கள் பரவலாக இந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள்.

அதிலும் ஒரு சலுகை முதலாளிக்கு. வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் பாதி வரை தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாடுதான் வளர்ந்து, 1991 முதல் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய தொகை மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என்று நின்றுவிட்டது. 2009 முதல் பொதுவான குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். டிப்ஸும் சேர்த்து அந்த அளவு வராவிட்டால் மீதியை முதலாளி கொடுத்தாக வேண்டும். ஆனால் இது தெரிந்த தொழிலாளிதானே கேட்க முடியும்?

இங்கேதான் 1974-இல் வந்த திருத்தம் முக்கியமாகிறது. இந்த டிப்ஸ் சலுகை விதியைத் தொழிலாளிக்கு முதலாளி முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் சலுகையே கிடையாது, முழுக் கூலியையும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

1913 சட்டம் ஒட்டச் சொன்ன காகிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே உத்தரவை ஒட்டுவது ஒரு கடமை. இங்கே சொல்லாமல் விட்டால் முதலாளியின் கல்லாப்பெட்டியிலேயே கை வைக்கிறது சட்டம்.

எல்சி வேலை செய்த வாஷிங்டன் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே டிப்ஸைக் கூலியில் கழிக்கவே முடியாது. 2025-இல் அங்கு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 66 சென்ட்.

சட்டத்தை முதலாளிக்குத் தெரிவிப்பது அவசியம்தான். ஆனால் காஸ்கேடியன் ஓட்டலுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அதை மீறினால் நஷ்டம் வரும் என்ற பயம்தான் இல்லை. 17 டாலரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஒரு பணிப்பெண் அந்தப் பயத்தை உண்டாக்கினார். சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு உயிர் வந்தது அன்றைக்குத்தான்.