கழுதைக்கு அளந்திடும் தீனி: ஒரு வரலாற்றுப் பாடம்

கழுதையை ஏளனத்திற்கான உவமையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். திருமறையின் 16ஆம் அத்தியாயமோ, குதிரையோடும் கோவேறு கழுதையோடும் அதனையும் சேர்த்து, மனிதர் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்குமான இறைக்கொடையாகக் குறிப்பிடுகின்றது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ‘உஃபைர்’ என்னும் கழுதையின் மீது, முஆத் (ரலி) அவர்களைப் பின்னால் அமர்த்திக்கொண்டு சென்றதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அத்தகைய பிராணிக்கு எதை, எவ்வளவு உண்ணக் கொடுப்பது என்பதும் ஓர் அமானிதமே.

கழுதையின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம். ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு மனிதர் அதனைப் பழக்கினர் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எகிப்தின் அபைடோஸில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட 10 கழுதைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்துள்ளன. பாரம் சுமந்ததன் தேய்மானம் அவ்வெலும்புகளில் இன்றும் தெரிகின்றது. பாலைநிலத்தின் காய்ந்த புல்லிலிருந்தும் சத்தைப் பிரித்தெடுக்கும் குடலையும், மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமிக்கும் உடலையும் இறைவன் அதற்கு அளித்துள்ளான்.

வரலாறு நெடுகிலும் இப்பிராணிக்கு நேர்ந்த அநீதி பசியும் மிகைப்பாரமுமே. வயிறு முதுகோடு ஒட்டிய ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். தாங்க இயலாத வேலையைக் கால்நடைகளிடம் வாங்குவோரைத் தடுப்பது முஹ்தஸிபின் கடமை என 11ஆம் நூற்றாண்டில் இமாம் மாவர்தி எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம், கால்நடைகளின் உரிமைகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் முதலாவது, முதுமையாலும் நோயாலும் பயனற்றுப் போனாலும், அதன் இனத்திற்கேற்ற உணவை அளிப்பது.

‘இனத்திற்கேற்ற’ என்னும் நிபந்தனையின் ஆழம் இன்றுதான் நமக்கு விளங்குகின்றது. இயந்திரங்கள் வந்தபின் பல நாடுகளில் கழுதை சுமையிலிருந்து விடுபட்டுச் செல்லப்பிராணியானது. இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்வென்ட்சன் அம்மையார் 1969இல் கழுதைகளுக்கென ஒரு காப்பகத்தை நிறுவினார். ஆனால் மழைவளம் மிக்க அந்நாட்டின் பசும்புல், பாலைநிலத்து உடலுக்கு மிகையானது. உழைப்பும் இன்றி, ரொட்டியும் தானியமும் அன்பின் பெயரால் ஊட்டப்படும்போது கழுதை பருத்துவிடுகின்றது. கழுத்தின் மேல்விளிம்பிலும் விலாவிலும் பிட்டத்திலும் கொழுப்பு திரள்கின்றது. குளம்பினுள் அழற்சி உண்டாகி, நிற்பதே வேதனையாகின்றது.

இதற்கான தீர்வு பட்டினி அன்று. பருத்த கழுதைக்குத் திடீரென உணவை நிறுத்தினால், உடலின் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் பெருகிக் கல்லீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகும். எனவே மருத்துவரின் வழிகாட்டலுடன் எடையைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். வாற்கோதுமை வைக்கோலே முதன்மை உணவு, பசும்புல் அளவோடு. 180 கிலோ எடையுள்ள கழுதைக்கு நாளொன்றுக்கு ஈரப்பதம் நீங்கலாக ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ தீவனம் போதுமானது. பல் தேய்ந்த முதிய கழுதைக்கு வைக்கோலை நறுக்கித் தர வேண்டும். விலாவெலும்புகளை விரல்களால் இலேசாக அழுத்தினால் அவை தட்டுப்பட வேண்டும். அதுவே நல்ல உடல்நிலையின் அடையாளம்.

பட்டினி போடுவது பாவம் என்பதை நாம் எளிதில் உணர்கிறோம். அளவின்றி ஊட்டி நோயாளியாக்குவதும் கொடுமையே என்பதை எளிதில் உணர்வதில்லை. ஊட்டும் கை இன்பமடைகின்றது. வலியைச் சுமப்பதோ வாயில்லாப் பிராணி. நமது வீட்டுப் பூனைக்கும் ஆட்டுக்கும் இது பொருந்தும். நமது மனநிறைவைப் பார்த்து அன்று, அதன் உடலுக்கேற்ப உணவளிப்பதே இரக்கம். பொறுப்பில் விடப்பட்ட உயிர்களைக் குறித்து விசாரிக்கப்படும் நாளில், நமது அன்பின் அளவும் விசாரிக்கப்படும் என்பதை நினைவில் கொள்வோமாக.