முப்பது நாள் அவகாசம்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, உட்பக்கங்களின் அடியில் சிறிய எழுத்தில் வெளியாகும் அரச அறிவித்தல்களை ஒப்புநோக்குவதே எனக்குக் கிடைத்த முதல் வேலை. இவற்றை வாசிப்பார் எவரேனும் உளரா என்று பகிடி பண்ணுவோம். ஒரு கரையோரத்தின் தலைவிதியே அவற்றோடு பிணைந்திருந்தமை பின்னர்தான் விளங்கியது.

1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம், தேசிய சுற்றாடற் சட்டத்தில் மக்களுக்கு ஓர் உரிமையைச் சேர்த்தது. குறித்துரைக்கப்பட்ட கருத்திட்டமொன்றுக்கு அனுமதி வழங்குமுன், அதன் அறிக்கையை எங்கே பார்வையிடலாம் என்று வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வேண்டும். கருத்துரைக்க 30 நாட்கள் அவகாசம். 1993 ஜூன் 24ஆம் திகதிய வர்த்தமானி அத்தகைய கருத்திட்டங்களைப் பட்டியலிட்டது. நீருயிரின வளர்ப்பும் அதில் இடம்பெற்றது. ஆனால் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்டவை மாத்திரமே.

ஓட்டை அங்கேதான் இருந்தது. எண்பதுகளில் சிலாபம், புத்தளம் பகுதிகளில் பரவிய இறால் பண்ணைகளுட் பெரும்பாலானவை அந்த அளவுக்கு உட்பட்டவை. பெரிய காணியைத் துண்டாக்கி விண்ணப்பித்தோரும் உண்டு. தனித்தனியே அவை சிறியவை. ஆயினும் ஒல்லாந்தர் கால்வாயிலும் முந்தல் களப்பிலும் ஒருவர் கழித்த நீரையே அடுத்தவர் தம் குளத்துக்கு இறைத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது குளத்துக்குக் குளம் பரவ இதுவும் ஒரு காரணம். கண்டற்காடுகள் அதற்கு முன்னரே வெட்டப்பட்டிருந்தன. கைவிடப்பட்ட உவர்க்குளங்களே மிஞ்சின.

வடமேல் மாகாண சபை 1990இலேயே தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் ஒன்றையும் ஆக்கியிருந்தது. எந்தக் கதவைத் தட்டுவதென்பதே மீனவருக்குப் புரியாத நிலை. பின்னாளில் முந்தல் பக்கம் சென்றபோது முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்கள் பேப்பரில் போட்டால் களப்பில் நிற்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் ஒப்புநோக்கிய அறிவித்தல்களை நினைத்துக்கொண்டேன். பதில் சொல்ல இயலவில்லை.

2000ஆம் ஆண்டின் திருத்தம், ஆரம்பச் சுற்றாடற் பரிசீலனை அறிக்கைகளுக்கு இருந்த கட்டாயப் பொது அறிவித்தலையும் நீக்கியது. தேடிச் சென்று கேட்பவர் மாத்திரம் அவற்றைப் பார்வையிடலாம்.

2022இல் வடக்கு கிழக்கில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. அதே ஆண்டில் கிராஞ்சி மீனவர் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கினர். முந்தல் முதியவரின் கேள்வியே எனக்கு மீண்டும் கேட்டது. அறிவித்தல் என்பது அச்சிடுவதோடு முடிவதன்று. உரியவரின் காதுக்கு எட்டுவதாகும். சங்கக் கட்டடத்திலும் மீன் விற்கும் துறையிலும் ஒரு தாளை ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.