ஒளிநாடாக்கள் கடந்த எல்லைகள்

செவன் கிங்ஸ் பெருவீதியில் இன்று ஒளிநாடா வாடகைக்குக் கேட்டால் கடைக்காரர் வியப்புடன் நோக்குவார். ஆயினும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலண்டன் தமிழருக்குத் திரையரங்கு பெரும்பாலும் பலசரக்குக் கடையின் ஒரு தட்டிலேயே இருந்தது. முருங்கைக்காய் வாங்கச் சென்றவர் வார இறுதிக்கு இரண்டு படங்களையும் பையிற் போட்டுக்கொண்டு திரும்பினார்.

ஜே.வி.சி. நிறுவனம் 1976 இல் யப்பானில் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். முறையே இதற்கு வழிசெய்தது. ஈ-180 எனும் நாடா மூன்று மணிநேரம் ஓடும்; இரண்டரை மணிநேரத் தமிழ்ப்படம் ஒன்று அதில் அடங்கிவிடும். பிரதியிலிருந்து பிரதி எடுக்கையில் ஒவ்வொரு படியிலும் காட்சி மங்கும். அதனை எவரும் பெரிதுபடுத்தவில்லை.

எம்மவர் சிதறி வாழ்ந்த நாடுகளோ ஒளிபரப்பு முறையால் வேறுபட்டிருந்தன. பிரித்தானியாவும் இலங்கையும் இந்தியாவும் பால் முறையை, கனடா என்.ரி.எஸ்.சி. முறையை, பிரான்ஸ் செக்காம் முறையைப் பின்பற்றின. ரொறன்ரோவில் நடந்த தங்கையின் திருமணத்தை இலண்டனிலுள்ள அண்ணன் காண்பதற்கு நாடாவை மாற்றிப் பதிவுசெய்தல் வேண்டும்; அன்றேல் எல்லா முறைகளையும் ஏற்கும் டெக் வேண்டும். அகதி விண்ணப்பத்தின் முடிவு வராமையாற் பயணஞ் செய்ய இயலாதிருந்தவருக்கு அந்த நாடா ஒன்றே மணப்பந்தலைக் காட்டியது.

அதே காலத்தில், 1990 இன் பின் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பி.பி.சி. தமிழோசைக்கு அவர்கள் கொடுத்த கவனத்தை, நூறு அலைவரிசைகளைக் கையில் வைத்திருக்கும் நாம் எதற்கேனும் கொடுக்கின்றோமா என்பது ஐயமே. 1941 இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்பிரல் 30 உடன் நின்றது.

பின்னர் மாற்றம் விரைந்தது. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டுக்கள் வேண்டிய வி.சி.டி. வந்தது, அடுத்து டி.வி.டி.; அடுத்து வீட்டுச் சுவரிற் செய்மதிக் கிண்ணம். இலண்டனில் அனலொக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2012 ஏப்பிரலில் நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றின்போது, 2020 நவம்பர் 12 இல், 'சூரரைப் போற்று' அமேசன் பிரைமில் வெளியானது. சென்னையிலும் செவன் கிங்ஸிலும் ரொறன்ரோவிலும் அதனை ஒரே வேளையிற் பார்க்க முடிந்தது. பாலும் செக்காமும் எவருக்கும் நினைவில்லை. ஒரு வீட்டில் நால்வர் நான்கு திரைகளைப் பார்ப்பதும் இப்போது வழமையாகிவிட்டது.

திரைப்படங்களைப் பற்றி நாம் கவலைகொள்ளத் தேவையில்லை. அவற்றைப் பேணுவதற்கு வணிகம் உண்டு. பரண்களிற் கிடக்கும் வீட்டு நாடாக்களின் நிலையே வேறு. இடம்பெயருமுன் எடுத்த புதுமனை புகுவிழா, இன்று நிற்காத வீடு, மறைந்த தாயாரின் குரல் ஆகியவற்றுக்கு வேறு பிரதி இல்லை. காந்த நாடா ஆண்டுதோறும் நலிகின்றது. வி.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான யப்பானின் பூனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்தியது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, ஒரே பிரதியை நம்பியிருப்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் எமது நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி வருகின்றது. வீட்டு நாடாக்களை அந்தந்த வீட்டாரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

நாடாக்களை மாற்றிக்கொடுக்கும் கடைகள் இன்னும் உள்ளன. பூஞ்சணம் பிடித்த நாடாவை மட்டும் பழைய டெக்கில் இட்டு ஓட்டிப் பார்க்கலாகாது. நாடாவும் கெடும், டெக்கும் கெடும்.