வக்கீலிடம் சொன்ன பொய்: ஆஸ்கர் வைல்டின் அவதூறு வழக்கு

நம்மைப் பற்றி யாராவது கன்னாபின்னாவென்று எழுதிவிட்டால் நம்ம ஊரில் உடனே வரும் வசனம், "மானநஷ்ட வழக்கு போடுவேன்!" அடுத்த நாளே வக்கீல் நோட்டீஸ் பறக்கும். ஆனால் பெரும்பாலான சமயம் விஷயம் அதோடு நின்றுவிடும். ஏன் நின்றுவிடுகிறது, ஏன் சில சமயம் நிற்பதே நல்லது என்று புரிய வேண்டுமானால், 1895ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

வழக்குப் போட்டவர் ஆஸ்கர் வைல்ட். அப்போது அவருக்கு வயது 40. லண்டனில் ஒரே நேரத்தில் அவருடைய இரண்டு நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எதிராளி க்வீன்ஸ்பெரி பிரபு. (குத்துச்சண்டைக்கு க்வீன்ஸ்பெரி விதிகள் என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயர் இவருடையதுதான்.) பிரபுவின் மகன் ஆல்ஃபிரட் டக்ளஸுக்கும் வைல்டுக்கும் இருந்த நெருக்கம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. 1895 பிப்ரவரி 18 அன்று வைல்ட் உறுப்பினராக இருந்த ஆல்பமார்ல் கிளப்புக்குப் போய், தன் விசிட்டிங் கார்டில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆண்களோடு உறவு கொள்பவராக பாவனை செய்கிறவர் என்பது அந்த வரியின் பொருள். அதிலும் முக்கியமான வார்த்தையில் எழுத்துப்பிழை வேறு!

கிளப் ஊழியர் கார்டை உறையில் போட்டு பத்திரமாக வைத்திருந்தார். பத்து நாள் கழித்து, 28ஆம் தேதி, வைல்ட் கைக்கு அது வந்தது. கிழித்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மறுநாளே அவர் வக்கீலைத் தேடிப் போனார்.

எந்த வக்கீல்?

இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு வகை. கட்சிக்காரரிடம் விஷயத்தைக் கேட்டு, ஆதாரம் திரட்டி, வழக்கைத் தயார் செய்பவர் சொலிசிட்டர். உயர்ந்த கோர்ட்டுகளில் எழுந்து நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். வைல்டுக்கு ஏற்கனவே தெரிந்த சொலிசிட்டர் ஒருவர் இருந்தார்: ஜார்ஜ் லூயிஸ். லண்டன் பெரிய மனிதர்களின் ரகசியங்களையெல்லாம் கோர்ட்டுக்கு வராமல் சுமுகமாக முடித்து வைப்பதில் கெட்டிக்காரர். 1892ல் ஒருவன் டக்ளஸை மிரட்டிப் பணம் கேட்டபோது வைல்ட் உதவிக்குப் போனது இவரிடம்தான். அதாவது உள்விவகாரம் தெரிந்தவர்.

இந்த முறை வைல்ட் போனது சார்ல்ஸ் ஹம்ஃப்ரீஸ் என்ற வேறொரு சொலிசிட்டரிடம். இவருக்கு வைல்டின் அந்தரங்க வாழ்க்கை பற்றி எதுவும் தெரியாது. எந்த வக்கீலும் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவரும் கேட்டார்: இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? துளிகூட இல்லை என்றார் வைல்ட். அப்படியானால் ஜெயித்துவிடலாம் என்றார் ஹம்ஃப்ரீஸ். கையில் பணம் இல்லையே என்று வைல்ட் தயங்க, செலவை எங்கள் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று பக்கத்தில் இருந்த டக்ளஸ் சொல்லிவிட்டார். தன் அப்பாவை எப்படியாவது ஜெயிலில் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு. மார்ச் 2 அன்று பிரபு கைது செய்யப்பட்டார்.

கோர்ட்டில் வாதாட சர் எட்வர்ட் கிளார்க்கை அமர்த்தினார்கள். 1886 முதல் 1892 வரை அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர், நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். குற்றச்சாட்டில் எந்த அடிப்படையும் இல்லை என்று கௌரவத்தின் மேல் உறுதி சொன்னால்தான் வழக்கை எடுப்பேன் என்றார். வைல்ட் உறுதி சொன்னார்.

ஆக, இரண்டு வக்கீல்களிடமும் பொய். மொத்த வழக்கும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

எதிர்த்தரப்பு

முதலில் பிரபுவுக்காக ஆஜரானவர் யார் தெரியுமா? அதே ஜார்ஜ் லூயிஸ்! பிறகு வைல்ட் தன் நண்பர் என்பதால் அவர் விலகிக்கொண்டார். அதன்பின் வந்த பாரிஸ்டர் எட்வர்ட் கார்சன். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வைல்டோடு படித்தவர். பழைய நண்பனுக்கே உரிய கசப்போடு தன் வேலையைச் செய்வான் என்று வைல்ட் ஜோக் அடித்தாராம். முதலில் தயங்கிய கார்சன், ஆதாரங்கள் வலுவாக வந்த பிறகே வழக்கை ஏற்றுக்கொண்டார் என்கிறார்கள்.

அந்த ஆதாரங்கள் எப்படி வந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். இது கிரிமினல் அவதூறு வழக்கு. 1843ஆம் வருடச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தப்பிக்க இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: சொன்னது உண்மை, அதை வெளியில் சொன்னது பொது நன்மைக்காக. ஆகவே தப்பிக்க வேண்டுமானால் வைல்டின் வாழ்க்கையைத் தோண்டுவதைத் தவிர பிரபுவுக்கு வேறு வழியே இல்லை. தனியார் துப்பறிவாளர்கள் லண்டன் முழுக்க அலைந்தார்கள். விசாரணைக்கு முன்பே பத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள், பெயர்கள், இடங்களோடு எதிர்த்தரப்பு மனு வந்து சேர்ந்தது.

வழக்கை விட்டுவிடு, பிரான்ஸுக்குப் போய்விடு என்று பத்திரிகையாளர் ஃபிராங்க் ஹாரிஸ் கெஞ்சினார். கூட இருந்த பெர்னார்ட் ஷாவும் ஆமோதித்தார். டக்ளஸ் கோபமாக எழுந்து போக, வைல்டும் பின்னாலேயே போய்விட்டார்.

மூன்று நாள்

ஏப்ரல் 3 அன்று ஓல்ட் பெய்லி கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. தனக்கு வயது 39 என்றார் வைல்ட். குறுக்கு விசாரணையில் கார்சன் முதலிலேயே அவருடைய பிறந்த தேதியைச் சொல்லி, 40 தாண்டிவிட்டதே என்றார். சின்ன விஷயம்தான். ஆனால் இந்தச் சாட்சி சின்ன விஷயத்தில்கூட உண்மை சொல்லமாட்டார் என்று ஜூரிக்குக் காட்டிவிட்டார்.

இலக்கியம் பற்றிய கேள்விகளில் வைல்ட் வெளுத்துக் கட்டினார். கோர்ட்டே சிரித்தது. பிறகு கார்சன் ஒவ்வொரு இளைஞன் பெயராகச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். ஒரு வேலைக்காரப் பையனை முத்தமிட்டதுண்டா என்ற கேள்விக்கு, ஐயோ இல்லை, அவன் பார்க்க நன்றாகவே இருக்கமாட்டான் என்று வைல்ட் பதில் சொன்னார். வழக்கமான நகைச்சுவை. ஆனால் கார்சன் அதைப் பிடித்துக்கொண்டார். அவன் அழகாக இல்லாததுதான் காரணமா? ஏன் அப்படிச் சொன்னீர்கள்? திரும்பத் திரும்பக் கேட்க, வைல்டால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்து அந்த இளைஞர்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றப்போவதாகக் கார்சன் சொன்னார். ஏப்ரல் 5 அன்று கிளார்க் வழக்கை வாபஸ் வாங்கினார். பிரபு நிரபராதி, அவர் எழுதியது உண்மை, பொது நன்மைக்காக எழுதப்பட்டது என்று தீர்ப்பு. திரட்டிய வாக்குமூலங்களைப் பிரபுவின் வக்கீல்கள் அரசுத் தரப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே வைல்ட் கைது. வழக்குப் போட்டவரே குற்றவாளிக் கூண்டில்!

மே 25 அன்று இரண்டு வருட கடுங்காவல். பிரபுவின் வழக்குச் செலவு சுமார் 600 பவுண்டும் வைல்ட் தலையில் விழுந்தது. டக்ளஸ் குடும்பம் வாக்குக் கொடுத்தபடி காப்பாற்றவில்லை. வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின, வைல்ட் திவாலானார். 1900ல் பாரிஸில் இறந்தார்.

இதில் என் மனதைத் தொட்டவர் கிளார்க். கட்சிக்காரர் தன்னையும் ஏமாற்றியிருக்கிறார் என்று தெரிந்த பிறகும், அடுத்து நடந்த இரண்டு கிரிமினல் விசாரணைகளிலும் பைசா வாங்காமல் வைல்டுக்காக வாதாடினார்.

யார் தப்பு?

வைல்ட் ஏன் பொய் சொன்னார் என்று திட்டுவது சுலபம். ஆனால் உண்மையைச் சொல்ல அந்தக் காலம் விடவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவை 1885ஆம் வருடச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. இங்கிலாந்தில் அது மாற 1967 வரை ஆனது. இந்தியாவில் 2018 வரை. அந்தச் சட்டம் அநியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் வக்கீலின் அறை என்பது வேறு. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளியில் சொல்லக்கூடாது. ஹம்ஃப்ரீஸிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால், "கார்டைக் கிழித்துப் போடுங்கள், வீட்டுக்குப் போங்கள்" என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். அந்த ஒரு ஆலோசனை இரண்டு வருட ஜெயிலைத் தவிர்த்திருக்கும். வக்கீலுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து அவரால் நம்மைக் காப்பாற்ற முடியாது.

கிரிமினல் அவதூறு என்ற குற்றத்தை இங்கிலாந்து 2010ல் ஒழித்துவிட்டது. இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. 2016ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது, 2024ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. இங்கேயும் பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. அதனால் இங்கேயும் வழக்குப் போடுகிறவரின் வாழ்க்கைதான் முதலில் தோண்டப்படும்.

அடுத்த முறை யாராவது "கேஸ் போடுவேன்" என்று குதித்தால், வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?