காமா (மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கம்)

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1980-இல் ஃபிரெடா கிளின், ஜான் மக்கும்பா, ஃபிலிப் பேட்டி ஆகியோர் தொடங்கிய அமைப்பு. அரெர்ன்டே, லுரிட்ஜா, வார்ல்பிரி முதலிய மொழிகளில் வானொலி நிகழ்ச்சிகளை வழங்கியது. செயற்கைக்கோள் வழியாக வணிகத் தொலைக்காட்சி பாலைவனக் குடியிருப்புகளை எட்டவிருந்தபோது, ஆங்கில வெள்ளம் தம் மொழிகளை அடித்துச் சென்றுவிடும் என்று அஞ்சியது. வெறுமனே எதிர்த்து நிற்காமல் ஒளிபரப்பு உரிமத்துக்கே போட்டியிட்டு வென்றது. துணிச்சலான முடிவு அது. அவ்வாறு பிறந்த இம்பார்ஜா தொலைக்காட்சி 1988 ஜனவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதில் பெரும்பகுதி வணிக வலையமைப்புகளின் நிகழ்ச்சிகளே. தாய்மொழிக்குக் கிடைத்த நேரம் குறைவு என்பது வருந்தத்தக்கது. காமாவின் ஆகப்பெரிய கொடை, அது பயிற்றுவித்த பூர்வகுடிக் கலைஞர்கள்தான். அவர்களுள் ஒருவரான வார்விக் தார்ன்டன், ஃபிரெடா கிளினின் மகன். அவர் இயக்கிய 'சாம்சன் அண்ட் டிலைலா' 2009 கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது.