குறைமாதக் குழந்தையின் கண்

பிரிக்பீல்ட்ஸிலுள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், மெல்போர்னில் கேட் கேம்பெல் என்னும் குழந்தை மருத்துவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்கக் கொடுத்த பிராணவாயுவே, அளவு மிஞ்சி அவர்கள் கண்ணைக் கெடுக்கிறதோ என்பதே அது. 1954இல் அமெரிக்க ஆய்வு அதை உறுதிசெய்தது. உடனே வாயுவைக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுத் திணறலால் சிசு மரணம் கூடியது. பிறகே அளந்து கொடுக்கும் முறை வளர்ந்தது.

அப்படியும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. காரணம் என்ன? குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அவை முறைதவறி வளர்ந்தால் விழித்திரை பிரிந்துவிடக்கூடும். இது பிறந்தவுடன் தெரியாது; சில வாரம் சென்றே தோன்றும். அதற்குள் பிள்ளை வீடு திரும்பியிருக்கலாம். கண்ணும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். விழித்திரையின் ஓரத்தை உறையவைக்கும் சிகிச்சை பலனளிப்பதை 1988இல் கண்டறிந்தார்கள். பின்னர் லேசர் வந்தது. எதுவாயினும் காலம் தவறினால் பயனில்லை.

ஆதலால் தாய்மார்களே, 32 வாரத்துக்கு முன்போ, 1500 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு, பிறந்த 4 முதல் 6 வாரத்துக்குள் கண் சோதனை அவசியம். கிள்ளான் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சென்றுவர ஒரு நாள் கூலி போகலாம். ஆயினும், பிள்ளை தேறிவிட்டது என்றெண்ணி, அட்டையில் குறித்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.