299792458: இந்த எண்ணை யார் முடிவு பண்ணாங்க?

299792458. ஒரு நொடியில் ஒளி வெற்றிடத்தில் போகிற தூரம், மீட்டர் கணக்கில். கவனிச்சீங்களா, புள்ளிக்குப் பிறகு ஒண்ணுமே இல்லை. இயற்கை இவ்வளவு முழுசா ஒரு எண்ணைக் கொடுக்குமா? இன்ஜினியரிங் படிக்கும்போது எனக்கு இந்தச் சந்தேகமே வரலை. 3 லட்சம் கிலோமீட்டர்னு எழுதி மார்க் வாங்கிட்டு வந்துட்டேன்.

பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்கிற ஊர். 1889 முதல் அங்கே வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் தண்டில், இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் மீட்டர். நாடுகளுக்கு நகல் கொடுத்தார்கள். ஆனா கடைசியில் சரிபார்க்க அந்த ஒரே சர்வருக்குத்தான் போகணும். 1892-93ல் மைக்கேல்சன் அங்கே போய், காட்மியத்தின் சிவப்பு ஒளியால் அந்த மீட்டரை அளந்தார்: சுமார் 15.5 லட்சம் அலைகள். ஆனாலும் தண்டு ஓய்வு பெற 1960 ஆகிவிட்டது. கிரிப்டான்-86 விளக்கின் ஆரஞ்சு ஒளியில் 1650763.73 அலைநீளம் ஒரு மீட்டர் என்றார்கள். பாவம், அதே வருஷம் லேசர் வந்துடுச்சு.

அமெரிக்காவின் போல்டரில், 1972ல், கென் ஈவன்சன் குழு ஒரு லேசரின் அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் தனித்தனியாக அளந்தது. இரண்டையும் பெருக்கினால் ஒளிவேகம். அந்த லேசர் நொடிக்கு 88 லட்சம் கோடி முறை அதிர்கிறது. எந்த எலக்ட்ரானிக்ஸாலும் நேரடியாக எண்ண முடியாது. அதனால் சீசியம் கடிகாரத்திலிருந்து படிப்படியாக, ஒரு லேசரை அடுத்ததோடு ஒப்பிட்டு மேலே ஏறினார்கள். கிடைத்த விடை 299792456.2, பிழை 1.1 மீட்டர். அந்தப் பிழைக்கு முக்கியக் காரணம் எது தெரியுமா? கிரிப்டான். அதன் நிறமாலைக் கோடு ரெண்டு பக்கமும் சமமா இல்லை. நடு எது என்பதே சண்டை. அதாவது, ஸ்கேலை விட அளக்கப்படுற பொருள் துல்லியமாயிடுச்சு!

1983ல் கணக்கையே திருப்பிப் போட்டார்கள். ஒளிவேகத்தை ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க. நொடியில் 299792458ல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி போகும் தூரம்தான் இனி மீட்டர். ரவுண்டா 30 கோடினு வெச்சிருக்கலாமே? வெச்சிருந்தா ஒவ்வொரு மீட்டரும் சுமார் 0.7 மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். பழைய ஸ்கேல் எல்லாம் குப்பை. பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி, நண்பர்களே.

இப்போ ஆய்வகங்களில் அதிர்வெண் தெரிந்த, அயோடினால் நிலைப்படுத்திய சிவப்பு லேசர் இருக்கும். ஒளிவேகத்தை அந்த அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம், அதுதான் ஸ்கேல். 1972 குழுவில் இருந்த ஜான் ஹால், பிறகு ஹான்ஷோடு சேர்ந்து 2005ல் நோபல் வாங்கினார். அந்த நீண்ட லேசர் படிக்கட்டு இல்லாமலே ஒளியின் அதிர்வெண்ணை எண்ணித் தரும் 'ஃப்ரீக்வென்சி கோம்ப்' நுட்பத்தில் அவர்களுக்குப் பெரிய பங்கு.

நீங்க இன்னிக்கு ஒளிவேகத்தை அளந்து வேற எண் வந்தா, ஒளியைத் திட்டாதீங்க. ஸ்கேலைச் செக் பண்ணுங்க.